உசிலம்பட்டிச் சந்தையில் சினை நண்டு

நீச்சல் தெரியாத உசிலம்பட்டிக்காரிக்குக் கடல் நண்டைக் கணக்கெடுக்கும் வேலை என்றால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? மதுரை ஒத்தக்கடையில் அறை எடுத்துத் தங்கி, வாரம் இரண்டு நாள் ராமநாதபுரம் கடற்கரைக்குப் பஸ் ஏறுவேன். பிடிபடும் நண்டுகளின் ஓட்டு அகலத்தை அளந்து எழுத வேண்டும். வளராத குஞ்சுகள் அதிகம் சிக்கினால், சில மாதங்களுக்கு நண்டு வலைக்குத் தடை போடச்சொல்லி மீன்வளத்துறையிடம் கேட்போம். பெரியவையே வந்தால் கடலில் நண்டுக்குக் குறைவில்லை என்று அர்த்தம்.

ஒரே ஒரு முறை படகில் ஏறினேன். குடல் வெளியே வந்துவிடும்போல வாந்தி. அதன்பின் கரையோடு நின்றுகொண்டேன். ஏற்றுமதிக் கம்பெனிக்கு நண்டு வாங்கும் அண்ணன் ஒருவர், தன் கொட்டகையில் நாற்காலி போட்டு, டீ கொடுத்து, கூடையையும் என் முன்னால் கொண்டுவந்து வைப்பார். சொகுசு கண்டவள் அங்கேயே உட்கார்ந்து அளந்தேன். எல்லாம் கையகல நண்டுகள். ஒரு வருடம் அப்படி அளந்து, தடை தேவையில்லை என்று அறிக்கை எழுதிவிட்டேன். திங்கட்கிழமை அது துறைக்குப் போகவேண்டும்.

ஞாயிறன்று ஊருக்குப் போயிருந்தேன். எனக்குச் சளி. நண்டு ரசம் வைத்துத் தருகிறேன் என்று அம்மா சந்தைக்கு அழைத்துப்போனாள். மீன்கார அம்மாவின் தட்டு நிறையப் பொடி நண்டுகள். நான் அளக்கும் அதே நீலக்கால் நண்டுதான். இடையிடையே கிடந்த வளர்ந்த நண்டுகளின் வயிற்றடியில் மஞ்சளாக முட்டை. எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். நான் போகும் கரையின் பெயரையே சொன்னார்.

"பொடிசையும் சினையையும் கம்பெனிக்காரக எடுக்க மாட்டாக தாயி. கழிச்சது அம்புட்டும் இங்கிட்டுத்தான் வரும்."

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். நான் பார்த்ததோ யாரோ பொறுக்கி இலையில் வைத்த சோறு. அதைப் பார்த்துவிட்டுப் பானைக்கே தீர்ப்பு எழுதியிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பையிலிருந்த அளவுகோலை எடுத்து, அம்மா வாங்கிவந்த நண்டுகளை அவள் உடைக்குமுன் ஒவ்வொன்றாக அளந்தேன். என் குறிப்பேட்டில் இல்லாத அளவுகள். சொன்னால் வேலை போகலாம். சொல்லாவிட்டால் யாருக்குமே தெரியாது, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. கொல்லைப்பக்கம் போய் மேலதிகாரிக்குப் போன் போட்டேன்.

"சார், அறிக்கையை அனுப்பாதீங்க. கழிச்சது போக மிச்சத்தைத்தான் நான் அளந்திருக்கேன்."

ஒரு வருடமுமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் போனை வைத்துவிட்டார். திட்டியிருந்தாலாவது ஆறுதலாக இருந்திருக்கும்.

ரசம் கொதித்து இறங்கிய பிறகுதான் உள்ளே வந்தேன். அம்மா தட்டை என் முன்னால் நகர்த்தினாள்.

"நல்லா முட்டை இருக்கதாப் பாத்து உனக்குன்னு எடுத்து வச்சேன். தின்னு."

சாப்பிடாமல் எழுந்தால் அவள் முகம் வாடிவிடும். தின்றேன். ருசியாகத்தான் இருந்தது.