ரோஸ் நிறத்தில் ஒரு கொடி

எனக்குச் சம்பளம் கொடுத்ததே சந்தேகப்படுவதற்குத்தான். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவுக்கு நான் பொறுப்பு. வெளிநாட்டுக்குப் போகும் டி-சர்ட்டைத் திருப்பிப் பார்த்து, தையலை இழுத்துப் பார்த்து, கழுத்துப்பட்டியை முறைத்துப் பார்த்து, குறை கண்டுபிடித்துத் தூக்கிப் போட வேண்டும். பத்து வருடம் இதைச் செய்தவன் வீட்டில் தோசையையும் திருப்பிப் பார்த்துத்தான் சாப்பிடுவான். "அதுல சைஸ் லேபிள் உள்பக்கம் இருக்குதுங்க, தேடுங்க" என்பாள் என் மனைவி.

துணியைவிட நான் அதிகம் சந்தேகப்பட்டது லீவு கேட்டு வருகிறவர்களை. ஒரே அண்ணன் மகனுக்கு ஒரே வருடத்தில் இரண்டு முறை காது குத்தியதாக ஒரு பையன் லீவு எடுத்திருக்கிறான். கேட்டதற்கு, "ரெண்டு காது இருக்குதுங்களே சார்" என்றான்.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் நடந்தது இது. எங்கள் பையர், அதாவது சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி, புதிதாக ஒரு நிபந்தனை போட்டது. தொழிலாளர்களின் சொந்த ஊருக்கு ஏதாவது நல்லது செய்து, போட்டோ எடுத்து அனுப்ப வேண்டுமாம். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, கிளைமேட்டு மாறிப்போச்சு, மலையெல்லாம் சரியுதுன்னு பையர் கம்பெனி அம்மா போன்ல ஒரு மணி நேரம் பேசுச்சுங்க. நம்மகிட்ட மலைக்காரங்க யாராச்சும் வேலை செய்யறாங்களா?"

ஒரே ஒருத்தி இருந்தாள். நூல் பிசிறு வெட்டுகிற பெண். உடுமலைக்குத் தெற்கே, மலையில் ஏறிப் போக வேண்டிய ஒரு சிற்றூர் அவளுடையது. மூன்று வயது மகளைக் கணவனிடம் விட்டுவிட்டு எங்கள் ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். முதலாளி அன்றே அந்த ஊரைத் தத்தெடுத்துவிட்டார்.

நான்தான் பார்க்கப் போனேன். மொத்தம் பதினைந்து வீடுகள். அவள் கணவன் காட்டுத்தீ அணைக்கும் வேலைக்குத் தற்காலிகமாகப் போகிறவன், மெலிந்த ஆள். வீடுகளுக்கு மேலே கூட்டிப்போய்த் தரையைக் காட்டினான். நீளமாக ஒரு வெடிப்பு. என் கை முழங்கைவரை உள்ளே போனது.

"முந்தியெல்லாம் சாரல் சலிச்ச மாவாட்டம் ஒரு மாசம் பெய்யுங்க. மண்ணு குடிச்சுக்கும். இப்ப ரெண்டு மாசம் காயப் போட்டுட்டு, ஒரே மத்தியானத்துல மொத்தமாக் கொட்டுதுங்க. போன மழைக்கு வந்த வெடிப்பு இது. அடுத்த மழைக்கு என்னாகும்னு தெரியலீங்க."

நான் குனிந்து, கரையில் மண்வெட்டித் தடம் இருக்கிறதா என்று பார்த்தேன். அரசாங்கத்திடம் ஏதாவது வாங்குவதற்காக இவர்களே வெட்டியிருக்கலாம் அல்லவா? அவன் நான் எதைத் தேடுகிறேன் என்று புரிந்துகொண்டு, கை கட்டி நின்றான். தடம் இல்லை.

அதற்கு நாங்கள் போட்ட திட்டம் எளிமையானது. அங்கே போன் கிடையாது, செல்போனுக்கு டவரும் கிடையாது. ஆனால் ஊர் ஓரத்தில் கம்பம் நட்டால் அடிவாரத்து டீக்கடையிலிருந்து தெரியும். டீக்கடையில் போன் உண்டு. வெள்ளைக் கொடி பறந்தால் எல்லாரும் சுகம். சிவப்புக் கொடி ஏறினால் ஆபத்து, ஊரே இறங்கப் போகிறது என்று அர்த்தம். டீக்கடைக்காரர் உடனே ஜீப்புக்கும் எங்களுக்கும் போன் செய்வார். ஜீப் மேலே போய்ப் பிள்ளைகளையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் ஏற்றி, பாதி மலையில் பாறைமேல் இருக்கிற பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடும்.

கொடிக்குத் துணி கொடுத்தது நான். குடோனில் ஒரு சிவப்பு லாட் கிடந்தது. வாஷ் டெஸ்டில் சாயம் போகிறது என்று நானே கையெழுத்துப் போட்டுத் தள்ளிய துணி. பார்வைக்கு ரத்தச் சிவப்பு, அவ்வளவு அழகு. நல்ல துணியை வெட்ட மனசு வரவில்லை. சாயம் போனால் என்ன, கொடியை யார் துவைக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். என்னை நானே மெச்சிக்கொள்ளவும் செய்தேன்.

பங்குனி வெயிலில் ஒத்திகை நடந்தது. சிவப்பு ஏறியது, டீக்கடைக்காரர் போன் செய்தார், ஜீப் வந்தது, எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள், போட்டோ எடுத்தோம். கொடி சுடர்விட்டுப் பறந்தது.

ஐப்பசியில் தீபாவளிக்கு முந்தின வாரம். ஷிப்மென்ட் தலைக்கு மேல் நிற்கிறது. ஒரு காலையில் அந்தப் பெண் என் மேஜைக்கு வந்தாள்.

"சார், லீவு வேணுங்க. ரெண்டு நாளா மலைப்பக்கம் ஒரே கறுப்பா இருக்குதுங்களாம். மனசு சரியில்லீங்க."

தீபாவளி வாரத்தில் மனசு சரியில்லாமல் போவது எங்கள் ஊரில் தொற்றுநோய். "அம்மிணி, கறுப்பா இருக்கறதுக்கெல்லாம் லீவு கொடுத்தா நான் கண்ணாடி பாக்கற அன்னிக்கெல்லாம் கம்பெனிய மூடணும். அதுக்குத்தானே கொடி வெச்சிருக்குது? இரு, கேட்டுச் சொல்றேன்."

அவள் எதிரிலேயே டீக்கடைக்குப் போன் போட்டேன்.

"என்ன கொடிங்க பறக்குது?"

"மழையும் மஞ்சு மூட்டமுமா இருக்குதுங்க. நேத்து மத்தியானத்துல இருந்து கம்பமே தெரியல. இப்ப வெள்ளை மாதிரித்தான் தெரியுது."

"மாதிரின்னா?"

"கொஞ்சம் ரோஸ் அடிக்குதுங்க."

போனை வைத்துவிட்டு, "வெள்ளைதானாம், போய் வேலையப் பாரு" என்றேன்.

"ரோஸுன்னு காதுல விழுந்துச்சுங்களே சார்."

"மஞ்சுல அப்படித் தெரியும்."

"ரோஸ்ல ஒரு கொடி நீங்க குடுக்கவே இல்லீங்களே."

சொல்லிவிட்டுப் போய்க் கத்தரியை எடுத்து உட்கார்ந்தாள். ஆனால் வெட்டவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வையிலேயே லீவு வாங்கப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, லேப் பக்கம் ஒதுங்கினேன். லேப் என்பது ஒரு மேஜையும் ஒரு வாஷிங் மிஷினும் நாலு பிளாஸ்டிக் வாளியும். வேறு ஏதோ ஆர்டரின் சிவப்புத் துணியை வாளியில் ஊறப்போட்டிருந்தார்கள். தண்ணீர் பீட்ரூட் பொரியலுக்கு வேகவைத்த மாதிரி இருந்தது. துணி வெளுத்து, ரோஸாகக் கிடந்தது.

கொடியை யார் துவைப்பார்கள்? மழை துவைக்கும். விடாமல் துவைத்துக்கொண்டிருக்கிறது.

பயந்தால் கை கால் ஓடாது என்பார்கள். எனக்குக் கையும் காலும் மட்டும்தான் ஓடின. முதலில் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். எதற்கென்று தெரியாமல் வெளியே வந்தேன். டீக்கடைக்குப் போன் செய்தால் லைன் கிடைக்கவில்லை. முதலாளி அறைவரை போய், கதவைத் தட்டாமல், கதவுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுத் திரும்பினேன். கடைசியில் அந்தப் பெண்ணின் முன்னால் போய் நின்று, "கிளம்பு அம்மிணி, வேன்ல போகலாம்" என்றேன்.

"எங்கீங்க சார்?"

"உங்கூருக்கு."

"லீவு இல்லைன்னீங்க?"

"லீவு இல்ல. இன்ஸ்பெக்சன்."

பல்லடம் தாண்டும்வரை அவள் வேன் கதவோரமாகவே ஒட்டி உட்கார்ந்து வந்தாள். அரை நாள் பெர்மிஷனுக்கு ஆயிரம் கேள்வி கேட்கிறவன் கம்பெனி வேனையே எடுத்துக்கொண்டு கூட வருகிறான் என்றால் எவளும் யோசிக்கத்தான் செய்வாள். எங்கள் டிரைவர் திருநெல்வேலிக்காரர். கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"என்ன அண்ணாச்சி, வெளிய மழை பேயுது, உங்களுக்கு உள்ள பேயுது?"

"புழுக்கமா இருக்குதுங்க."

"சன்னலத் தெறந்து தலைய நீட்டிட்டுல்லா வாரீக. இன்னும் என்ன புழுக்கம்?"

அந்தப் பெண் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தென்னந்தோப்புகளை ரசிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு வேகத்தடையிலும் வாயைத் திறந்தேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் நாக்கைத்தான் கடித்துக்கொண்டேன்.

டீக்கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை. கடைக்காரர் அடுப்பைப் பற்றவைக்காமல் வெளியே நின்று மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு மணி நேரம் முந்தி பெரிய சத்தமுங்க. லாரில கல்லு கொட்டுன மாதிரி. போன் செத்துக் கெடக்குது. மஞ்சு விலகினப்புறம் பாத்தா..." அவர் கையை நீட்டினார். "கம்பத்தையே காணோமுங்க."

கம்பம் நின்ற இடத்தில் பச்சை இல்லை. மேலிருந்து கீழ்வரை மலையைத் தோலுரித்த மாதிரி செம்மண் தெரிந்தது.

"ஜீப் போச்சுங்களா?" என்று கேட்டேன்.

"எதுக்குங்க போகுது? வெள்ளைதானுங்களே பறந்துச்சு?"

அந்தப் பெண் அதற்குள் நடக்க ஆரம்பித்திருந்தாள். நானும் டிரைவரும் பின்னால் ஓடினோம். வண்டிப் பாதை முழுவதும் சேறு. பள்ளிக்கூடத்துக்கு அரைமணி நேரம் ஏற வேண்டும். இரண்டு இடத்தில் நான் கையையும் ஊன்றி, நாலு காலில் ஏறினேன். மூன்றாவது இடத்தில் அவள் சட்டென்று நின்றாள். திரும்பாமலே கேட்டாள்.

"சார், அது ரிஜெக்ட் லாட்டுங்களா?"

டிரைவர் என்னைப் பார்த்தார். மஞ்சு, சேறு, எனக்கு இல்லாத இதயநோய் என்று மூன்று பதில்கள் என்னிடம் தயாராக இருந்தன.

"ஆமா" என்றேன். "சாயம் போகும்னு தெரியும். மழையில போகும்னு தோணல."

"அந்த லாட்டுல தைச்ச பனியனுக்குப் பிசிறு வெட்டுனதே நான்தானுங்க" என்றாள். "எங்கூருக்குப் போன கொடிய நான் பாக்கவே இல்லை. பாத்திருந்தாக் கண்டுபிடிச்சிருப்பேன்."

அவ்வளவுதான். மறுபடி ஏறினாள். ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால் கொஞ்சம் தெம்பாக ஏறியிருப்பேன்.

வளைவு திரும்பியதும் முதலில் ஓர் ஆட்டின் சத்தம் கேட்டது. அப்புறம் பள்ளிக்கூட ஓடு தெரிந்தது. அப்புறம் மனிதர்கள். அவள் வாசலில் நின்று ஒவ்வொரு முகமாகத் தேடினாள். சத்துணவு அரிசி மூட்டை அடுக்கிய மூலையில், ஆசிரியரின் மேஜைமேல், அவள் மகள் சாக்பீஸால் எதையோ கிறுக்கிக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும், "எங்க ஊட்டு மேல மலை வந்துருச்சு" என்றாள், விருந்தாளி வந்த மாதிரி. அவள் மகளைத் தூக்கி, கை கால் எல்லாவற்றையும் தடவிப் பார்த்தாள். பிறகுதான் அழுதாள்.

எல்லாரும் அங்கே இருந்தார்கள். அவள் கணவன் தலையை எண்ணி எண்ணித் தொண்டை கட்டியிருந்தான்.

"நேத்து மத்தியானம் வெடிப்புக்குள்ள தண்ணி எறங்கற சத்தம் கேட்டுச்சுங்க. சிவப்ப ஏத்துனேன். பொழுது சாயறவரைக்கும் பாத்தோம், ஜீப் வரலை. எங்கள மறந்துட்டாங்கன்னு நெனைச்சு, கொழந்தைகளத் தோள்ல போட்டுக்கிட்டு நடந்துட்டோம். வேற எதுவும் எடுக்க முடியலீங்க. விதைக்கு வெச்ச ராகிகூட அங்கயே போச்சுங்க. மழை விடாததால கீழ வந்து சொல்லவும் முடியலீங்க." பிறகு என்னைப் பார்த்தான். "ஏனுங்க, நான் ஏத்துன கொடி கீழ தெரியலீங்களா? நான் சரியா ஏத்தலியா?"

ராத்திரி முழுக்க அவன் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தானாம். சில பேர் அவன் ஏற்றவே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்களாம். அவர்கள் இப்போதும் அவனை அப்படித்தான் பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். என் மேஜைக்குப் பின்னால் இருந்து தினமும் நான் பார்க்கிற பார்வை.

"சார் சொல்லுவாருங்க" என்றாள் அந்தப் பெண்.

சொன்னேன். முதலில் ஒரு ஜோக்கோடு ஆரம்பித்துப் பார்த்தேன். யாரும் சிரிக்காததால் பாதியில் விட்டுவிட்டு, குடோன், ரிஜெக்ட், என் கையெழுத்து என்று வரிசையாகச் சொன்னேன். அவன் ஒழுங்காகத்தான் ஏற்றினான், ஒழுங்கற்ற துணியைக் கொடுத்தவன் நான் என்றேன். ஒருவர், "வெள்ளைத் துணியாச்சும் வெள்ளைதானுங்களா?" என்று கேட்டார். அவள் கணவன் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்தான்.

கிளம்பும்போது அவள் வாசலுக்கு வந்தாள். "பத்து நாள் லீவு வேணுங்க சார். ஊடு போட எடம் பாக்கணும்."

"பத்து நாளா? ஷிப்மென்ட்..." என்றது என் வாய், என்னைக் கேட்காமலே. டிரைவர் பலமாக இருமினார். "இல்லம்மிணி, ஒரு மாசம் எடுத்துக்க."

அவள் புருவத்தைச் சுருக்கினாள். "ஒரு மாசங்களா? அப்பறம் வேலை இல்லைன்னு சொல்றீங்களா?"

"வேலை இருக்குது."

"எழுதிக் குடுங்க சார்."

பிள்ளைகளின் நோட்டில் ஒரு தாள் கிழித்து, ஒரு மாத லீவு, வேலை நிச்சயம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவள் இரண்டு முறை படித்தாள். கணவனிடம் கொடுத்தாள். அவன் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, திருப்பிப் பின்பக்கமும் பார்த்தான். மறுபடி அவள் வாங்கி, என்னிடம் நீட்டினாள்.

"தேதி போடலீங்க சார்."

போட்டேன்.