கோரை முளைத்த மூலை

கோரைப்புல்லைப் பார்த்து, செலவில்லாமல் புல்வெளி கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்ட ஒரே புரமோட்டர் நானாகத்தான் இருப்பேன். திருமுல்லைவாயிலில் அந்த மனையைக் கோடை வெயிலில் வாங்கினேன். மனை முழுக்க மண் வெடித்துக் கிடக்க, பின்மூலை மட்டும் பச்சைப்பசேல் என்றிருந்தது. அங்கே மட்டும் ஏன் பச்சை என்று யாரையாவது கேட்டிருக்கலாம்; தண்ணீர் போய்ச் சேரும் இடத்தில்தான் கோரை முளைக்கும் என்று சொல்லியிருப்பார்கள். நான் செல்ஃபி எடுத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் மனை வாங்கியதும் முதலில் மதில் எழுப்ப வேண்டும். இல்லாவிட்டால் எவனாவது கொட்டகை போட்டுவிடுவான். நானும் எறும்பு நுழைய இடமில்லாமல் சுற்றி வளைத்தேன். மழைத்தண்ணீர் எப்படிப் போகும் என்று பிளானில் ஒரு கோடுகூட இல்லை. கோரை மூலையில் கார் நிறுத்த இடம் மட்டும் அழகாக வரைந்திருந்தேன்.

ஐப்பசியில் ஒரு காலை, விடாத மழை. அஸ்திவாரக் குழிகளில் கம்பி கட்டி முடித்து, கான்கிரீட் லாரிக்காகக் காத்திருந்தோம். மதிலுக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டார். எட்டிப் பார்த்தேன். மேட்டிலிருந்த ஏரிப் பக்கமிருந்து வந்த தண்ணீர் என் மதிலில் முட்டித் திரும்பி, அவர் வாசற்படியில் ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே கால் முறிந்த கணவர் கட்டிலில் கிடந்தார்.

"தண்ணி ஊட்டுக்குள்ள வந்துகினு கீது. சொவத்த ஒடைக்கிறியா, இல்ல அவர நீ வந்து தூக்கினு போறியா?"

மனைவியின் தம்பிதான் இதில் எனக்குக் கூட்டாளி. அவன் கடப்பாரையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். "மாமே, ஒடைச்சா மொத்தமும் குழிக்குள்ள பூந்துரும். மண்ணு சரியும். கொஞ்சம் பொறு, மழ நின்னுரும்."

"நிக்கலன்னா?"

"மோட்டார் வச்சு எறைக்கலாம்."

"எங்கடா எறைப்ப?"

அக்கா வீட்டுப் பக்கம் கை நீட்டப் போனவன், பாதியில் அதே கையால் தலையைச் சொறிந்தான்.

தண்ணீர் இரண்டாம் படியையும் மறைத்தது. அக்கா கட்டிலுக்கடியில் செங்கல் செருகிக்கொண்டிருந்தார். நான் கடப்பாரையைப் பிடுங்கி இடித்தேன். முதல் அடி என் செருப்பில். மதில் அசையவே இல்லை. சிமென்டில் கஞ்சத்தனம் செய்யாததற்கு அன்றுதான் வருந்தினேன். மச்சானும் வாய்க்கு வந்தபடி என்னைத் திட்டிக்கொண்டே சம்மட்டியோடு வந்தான்.

ஒரு கல் பெயர்ந்ததும் மற்றதையெல்லாம் தண்ணீரே தள்ளிவிட்டது. குழிகளை நிரப்பி, கம்பிகளைச் சாய்த்து, நேராகக் கோரை மூலைக்குப் போய் அங்கிருந்த மதிலில் முட்டி நின்றது. அதையும் இடித்தோம். பின்னாலிருந்த கால்வாயில் அது இறங்கி ஓட ஆரம்பித்தபோதுதான் அக்காவின் மூன்றாம் படி நனையாமல் தப்பியது.

சொட்டச் சொட்ட அவர் வாசலில் போய் நின்றேன். "அக்கா, தண்ணி போற வழிய அப்பிடியே உட்டுடறேன். அந்த மூலைல ஒண்ணும் கட்ட மாட்டேன். பிளானையே மாத்திடறேன்."

அவர் மிதியடியைப் பிழிந்துகொண்டே சொன்னார்:

"மொதல்ல மாத்து, அப்பால பேசு."