இடது பக்கத்து அரிப்பு

என் வீட்டுக்காரருக்குக் கெட்ட செய்தி சொல்ல வராது. பால் திரிந்துபோனால்கூட என்னிடம் சொல்லாமல் கடைக்கு ஓடி, வேறு பாக்கெட் வாங்கி வந்து காய்ச்சி வைத்துவிட்டு, திருடன் மாதிரி முழித்துக்கொண்டு நிற்பார். அப்படிப்பட்ட மனிதரிடம்தான் அந்தப் பொறுப்பைக் கொடுத்தேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

டெல்லி ஆஸ்பத்திரியில் டாக்டர் முன்பே தெளிவாகச் சொல்லியிருந்தார். இடது மார்பில் புற்றுநோய்க் கட்டி; திறந்து பார்த்துவிட்டுத்தான் முடிவு. கட்டியையும் சுற்றிக் கொஞ்சம் சதையையும் எடுத்தால் போதுமென்றால் அதோடு விட்டுவிடுவார்கள். இல்லையென்றால் மார்பையே முழுதாக எடுத்துவிடுவார்கள். இரண்டுக்கும் சேர்த்தே கையெழுத்துப் போட்டேன். ஆக, கண் திறக்கும்போது அது இருக்குமா இருக்காதா என்று தெரியாமல்தான் உள்ளே போக வேண்டும். சாவுக்குக்கூட நான் அவ்வளவு பயப்படவில்லை. அரை மயக்கத்தில் நானே தடவிப் பார்த்து, தட்டையாகக் கிடப்பதைத் தெரிந்துகொள்வேனோ என்றுதான் பயம்.

"கண்ணு முழிச்சதும் நீங்க சொல்லிரணும். இருந்தா இருக்குன்னு, இல்லைன்னா இல்லைன்னு. நானா தடவித் தெரிஞ்சுக்கக் கூடாது" என்றேன். பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டினார்.

ஆபரேஷன் அன்று மருந்து சோப்புப் போட்டுக் குளித்து வரச் சொன்னார்கள். குளியலறையில் இடது மார்பைக் கையில் ஏந்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். இரண்டு பிள்ளைகள் குடித்த மார்பு. அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. உனக்கு நான் என்ன குறை வைத்தேன் என்று வாய்விட்டே கேட்டேன். வெளியே நர்ஸ் கதவைத் தட்டினாள்.

முழித்தபோது அவர் முகம் தெரிந்தது. "இருக்கும்மா. நல்லபடியா முடிஞ்சுது" என்றார். நர்ஸும் இந்தியில் சப் டீக் ஹை, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது, அதுதான் அங்கே இருந்ததே. அந்தப் பெரிய கட்டுக்குள் கனமாக, சூடாக இருந்தது. காம்பு துணியில் உரசுவதுகூடத் தெரிந்தது. இடது கையை அசைக்காதீர்கள் என்றார்கள், அசைக்கவில்லை. வலியோடு வலியாகச் சாமிக்கு நன்றி சொன்னேன்.

மறுநாள் அந்த இடம் அரிக்க ஆரம்பித்தது. வீட்டுக்காரர் டீ வாங்கப் போயிருந்தார். படுக்கை விரிப்பை மாற்ற ஆயா வந்தாள். முந்தின நாள் ஆபரேஷன் முடிந்து என்னை வார்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்ததும் அவள்தானாம். வந்ததிலிருந்து ஜல்தி ஜல்தி என்று மற்ற ஆயாக்களை இந்தியில் விரட்டிக்கொண்டிருந்தாள். நானும் இந்தியிலேயே, அரிப்புத் தாங்கவில்லை, கட்டுக்கு மேலேயே கொஞ்சம் தேய்த்துவிடு என்றேன். எங்கே அக்கா என்று தமிழில் கேட்டாள். ஆச்சரியத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று முகவாயால் அந்த இடத்தைக் காட்டினேன். நீட்டிய கை பாதியில் நின்றது.

"அங்க ஒண்ணும் இல்லியேக்கா. முழுசா எடுத்துட்டாங்கன்னு உங்க வீட்டு சார் போன்ல சொல்லினு வந்தாரே."

டெல்லியில் பல வருஷம் இருந்தால் எங்களுக்கெல்லாம் இந்த வியாதி வந்துவிடும். மெட்ரோவில், ஆட்டோவில், காய்கறிக்காரர் முகத்துக்கு எதிரிலேயே, யாருக்கும் புரியாது என்ற தைரியத்தில் தமிழில் எதை வேண்டுமானாலும் பேசுவோம். கதவைச் சாத்திக்கொண்டு பேசுவதாக நினைப்பு. இவரும் அப்படித்தான். என்னிடம் சொல்லக் கூடாது என்று டாக்டரிடமும் நர்ஸிடமும் இந்தியில் கெஞ்சியிருக்கிறார். பிறகு லிஃப்டில், மயங்கிக் கிடந்த என் தலைமாட்டில் நின்றுகொண்டு, தன் தங்கையிடம் போனில் தமிழில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். என் ஸ்ட்ரெச்சர் வண்டியைப் பிடித்திருந்த ஆயாவோ, டெல்லியில் தமிழர்கள் குடிசை போட்டு வாழ்ந்த மதராசி கேம்ப்பில் பிறந்து வளர்ந்தவள்.

எனக்குத் தெரியாது என்பது என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. என் காலைப் பிடித்துக்கொண்டாள். உன் மேல் தப்பில்லை, போ என்றேன். அவள் போன பிறகும் அரித்தது. இல்லை என்று தெரிந்த பிறகும் அதே இடத்தில், அதே காம்பில் அரித்தது. அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது.

அவர் டீயோடு வந்தார். ஆயா சொன்னதைச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகு பேசியபோது ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: எவ்வளவு கெட்டதானாலும் இனி நமக்குள் பொய் கூடாது, நீங்களும் சொல்லக் கூடாது, நானும் சொல்ல மாட்டேன். வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். சரி என்றார்.

வீட்டுக்கு வந்தும் அது என்னை விடவில்லை. காயத்து நீர் வடியப் போட்டிருந்த குழாயை எடுத்தார்கள், தையல் பிரித்தார்கள், சுவரில் விரலை ஏற்றி ஏற்றிக் கையைத் தூக்கப் பழகினேன். மெட்ரோவில் கூட்டம் நெருக்கினால் இன்னும் முழங்கையை மடித்து அந்தப் பக்கத்தைக் காக்கிறேன். இடது பக்கமாகப் புரண்டால் நசுங்கிவிடுமோ என்று திடுக்கிடுகிறேன். கீழ்வீட்டுக் குழந்தை பசித்து அழுதால் அங்கே பால் கட்டுகிறது. பேய் பிசாசு என்று யாராவது சொன்னால் சிரிக்கிறவள் நான். இப்போது சிரிப்பதில்லை.

போன குளிர்காலத்தில் ஒரு மத்தியானம் பால்கனி வெயிலில் உட்கார்ந்து இருவரும் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தோம். அரிப்பு வந்தது. பேசி வைத்த பேச்சுப்படி, அரிக்கிறது என்று அவரிடம் சொன்னேன். எழுந்து போய்க் கையைக் கழுவி, சூடு வரத் தேய்த்துக்கொண்டு வந்தார். அதுவரை அந்தப் பக்கத்தை அவர் தொட்டதில்லை, பார்த்ததுகூட இல்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, சால்வைக்குள் கைவிட்டு, தழும்பின் மேல் விரலால் மெல்லச் சொறிந்தார். எனக்கோ அந்தத் தோல் மரத்துப்போயிருந்தது. அரித்தது அங்கே இல்லை. அவர் புறங்கைக்கும் மேலே, ஒன்றுமே இல்லாத இடத்தில் அரித்தது.

"நின்னுச்சாம்மா?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"நின்னுருச்சுங்க" என்றேன்.