அக்கா திறந்த கதவு

எங்கள் அக்கா எங்களைவிட்டுப் போய் இந்த மார்கழியோடு ஓராண்டு நிறைகிறது. எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் வீட்டுக்காரர் எழுதுகிறார். இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் குற்றம் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா மலைமேல் பெரக்கரை நாட்டில் பிறந்தவர். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது அம்மா காலமானார். அதன்பின் என்னை வளர்த்தவர் அக்காதான். மிளகு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மலையிறங்கிப் பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போய், விற்று, மறுநாள் ஏறி வருவார். யாரிடமும் குரலை உயர்த்திப் பேசமாட்டார். ஒரே ஒரு நாள்தான் கத்தினார். அந்த நாளைப் பற்றியே சொல்லப்போகிறேன்.

அக்காவின் கணவரான மாமா கரி சுட்டு விற்றவர். உலகச் சண்டை நடந்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடியதால் கீழ்நாட்டில் கரிக்கு நல்ல கிராக்கி. ஒரு மழைநாளில், காட்டில் நாலு பக்கமும் சாக்கு கட்டிய குடிசைக்குள், குளிருக்குக் கரிச்சட்டியைப் பக்கத்தில் வைத்துப் படுத்தவர் எழுந்திருக்கவேயில்லை. உடம்பில் ஒரு காயம் கிடையாது. உதடு மட்டும் வெற்றிலை போட்டதுபோலச் சிவந்திருந்தது. முந்தின நாள்தான், "யாரோ பேரச் சொல்லிக் கூப்படறாங்க. திரும்பிப் பாத்தா ஆளக் காணோம்" என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறார். காட்டு முனி அடித்துவிட்டது என்று ஊர் சொன்னது. அக்காவும் அதையே நம்பினார்.

மறுவருடம் கார்த்திகையில் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. அப்போதுதான் நாங்கள் பழைய புல்வீட்டை விட்டுப் புது வீட்டுக்கு வந்திருந்தோம். நல்ல கனத்த மண்சுவர். கொல்லையிலிருந்த பலாவை வெட்டிப் பலகை அறுத்து மச்சுப் போட்டிருந்தது. பச்சை உடம்புக்குக் குளிர் ஆகாது என்று என் மாமியார் சன்னலைச் சாக்கால் அடைத்தார். விறகு புகையும் என்பதால், அக்கா கொடுத்தனுப்பிய கரியைச் சட்டியில் போட்டுக் கட்டிலருகே கணப்பாக வைத்தார்.

மூன்றாம் நாள் மத்தியானம், மூலையில் ஒரு பெண் சுவரைப் பார்த்தபடி நின்றாள். கூந்தலில் ஈரம் சொட்டியது. கூப்பிட வாயெடுத்தேன், நாக்கு எழவில்லை. மறுநாள் ஓரடி தள்ளி வந்து நின்றாள். எனக்குத் தலை வெடித்துவிடும்போல வலித்தது. மச்சின்மேல் யாரோ நடந்தார்கள். அந்தக் காலடியை என் மாமியாரும் கேட்டார். அதே அறையில் கூடையைக் கவிழ்த்து மூடியிருந்த இரண்டு கோழிகளும் செத்துக் கிடந்தன.

"பலாமரத்துல இருந்தது ஊட்டுக்குள்ள வரப் பாக்குது" என்று சொல்லி, மாமியார் கதவிடுக்கிலும் துணியைத் திணித்தார். அதன்பின் அந்தப் பெண் என் தலைமாட்டுக்கே வந்துவிட்டாள்.

ஏழாம் நாள் அக்கா வந்தார். மாமியார் பூசாரியை அழைத்துவரப் போயிருந்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் வாசலில் காவல் இருந்தார்கள்.

"உள்ள போனதும் கதவச் சாத்திக்கோங்க. அவிய வர்ற வரைக்கும் தொறக்க வேண்டாமுங்க" என்றார்கள்.

அக்கா வெகுநேரம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வெளியே மழை. குழந்தை அழுவதை எப்போதோ நிறுத்தியிருந்தது.

"அக்கா, அவ கொழந்தயத் தொடறா" என்றேன்.

அக்கா குனிந்து குழந்தையின் முகத்தைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். இருவர் உதட்டிலும் மாமாவின் உதட்டில் கண்ட அதே சிவப்பு. பிறகு கணப்பைப் பார்த்தார்.

எழுந்தவருக்குக் கால் மடங்கிவிட்டது. குழந்தையை மார்போடு சேர்த்துக்கொண்டு தவழ்ந்தே போய்த் தாழை நீக்கினார். வெளியிலிருந்தவர்கள் கதவை இழுத்துப் பிடித்தார்கள்.

"தொறக்காதீங்க! உள்ள பூந்துரும்!"

"பேயுமில்ல, முனியுமில்ல! கரிதான் கொல்லுது! உடுங்கடி கதவ!"

அந்தக் குரலுக்கு அவர்கள் கை தளர்ந்தது. அக்கா குழந்தையோடு படியில் குப்புற விழுந்தார். விழுந்த இடத்திலிருந்தே, "மூச்சப் புடிச்சுக்கிட்டு உள்ள போயி அவள இழுத்துட்டு வாங்க. சட்டியத் தூக்கி மழையில வீசுங்க" என்றார். அப்படியே செய்தார்கள். குழந்தை துவண்டு கிடந்தது. மழைத்துளி முகத்தில் விழ விழ, வெகுநேரம் கழித்து ஒரு பூனைக்குட்டியைப் போல முனகியது.

அந்தப் பெண் அதன்பிறகு வரவேயில்லை.

மாமாவையும் யாராவது வெளியே இழுத்துப் போட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்பது அக்காவுக்கு அன்றுதான் தெரிந்தது. அதைச் சொல்லி அவர் அழுததில்லை. குளிர் தொடங்கினால் வீடுவீடாகப் போவார். கனல் இருக்கும் அறையைச் சாத்தாதீர்கள், தலை கனத்தால் முதலில் வெளியே வாருங்கள், காரணத்தை அப்புறம் தேடலாம் என்று சொல்லிவிட்டு வருவார். சிலர் சிரித்தார்கள். ஆனாலும் இரவில் சன்னலைத் திறந்து வைத்தார்கள்.

போன மார்கழியில் அக்கா காய்ச்சலில் படுத்தார். அவரைக் கட்டிலோடு தூக்கி மலையிறக்கி வைத்தியரிடம் கொண்டுபோய்த் திரும்பவும் சுமந்து வந்த நாலு பேருக்கும், முறைவைத்துக் கஞ்சி காய்ச்சித் தந்த பெண்களுக்கும், கடைசிக் காரியத்தில் உடன்நின்ற அனைவருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது.

படுக்கையில் கிடந்தவரிடம் ஒருநாள் கேட்டேன். "அன்னைக்கு அந்தப் பொம்பளய நீயும் பாத்தியா அக்கா?"

"அவளப் பாக்கல. உங்க மாமாதான் நின்னாரு. என்னப் பாத்துச் சிரிச்சாரு" என்றார். "கதவத் தொறந்தாப் போயிருவாருன்னு தெரிஞ்சுது, கண்ணு. கொழந்த கெடந்துதே."