மகன் அனுப்பிய வாக்கிங் மெஷினும் மடைக்குப் போகாத அப்பாவும்

உங்கள் அப்பாவைக் கட்டிலில் படுக்கப் போட்டது மாரடைப்பு இல்லை தம்பி, நீங்கள்தான். வாக்கிங் மெஷின் விற்றுப் பிழைக்கிறவன், தன்னிடம் மெஷின் வாங்கின ஆளையே இப்படி எழுத்தில் போட்டுத் திட்டுவது தொழிலுக்கு ஆகாது என்று எனக்கும் தெரியும். ஆனால் ஃபோனில் சொன்னால் பாதியில் கட் பண்ணிவிடுகிறீர்கள். உங்கள் பெயரைப் போடவில்லை. குவைத்தில் உட்கார்ந்து இதைப் படித்தால் யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும்.

மற்றவர்களுக்கு என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. கும்பகோணத்தில் கடை. பள்ளிக்கூடம் எனக்கு ஒத்துவரவில்லை. சைக்கிளில் பிளாஸ்டிக் குடம் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய், அடி வாங்கி, ஏமாந்து, பேரம் கற்றுக்கொண்டவன். பிறகு கிரைண்டர் விற்றேன். வீட்டுக்கு ஒருவர் துபாய், சிங்கப்பூர் என்று கிளம்பிப் போக, இங்கே இருக்கிற அப்பா அம்மாவுக்குச் சர்க்கரையும் பிரஷரும் வர, நானும் உடற்பயிற்சி மெஷினுக்கு மாறினேன். மெஷினை விற்பது சுலபம். அதன் மேல் ஆளை ஏற்றுவதற்குள்தான் நம் பிரஷர் ஏறிவிடும். எதையாவது விற்றுவிட்டு, அதை வாங்கினவர் வீட்டுக்குத் திரும்பப் போய்ப் பார்த்த அனுபவம் இருக்கிற எல்லாரும் என் கட்சி என்று நினைத்துச் சொல்கிறேன்.

பொட்டு வைத்த மெஷின்

சுவாமிமலைப் பக்கம் ஒரு வீடு. இதயம் பலவீனமாக இருக்கிறது, தினமும் நடக்கணும் என்று டாக்டர் சொன்னதால் சிங்கப்பூர் மகள் அப்பாவுக்கு ஒரு மெஷின் வாங்கிக் கொடுத்தாள். இறக்கி வைத்தோம். என் மெக்கானிக் ஜாகிர் ஓட்டியும் காட்டினார். கொஞ்ச நாளில் ஃபோன் வந்தது. "உங்க மெஷின் காலைச் சுடுது. வந்து எடுத்துட்டுப் போங்க."

போய்ப் பார்த்தால் மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், வாடின மாலை. கைப்பிடியில் எலுமிச்சம்பழம் தொங்குகிறது. மனுஷர் உள்ளங்காலெல்லாம் கொப்புளமாக, காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஷூ போட்டுத்தான் ஏறணும் என்று படித்துப் படித்துச் சொன்னேனே என்று கேட்டேன். என் குரல் தெருவுக்குக் கேட்டிருக்கும். அவர் குரலே உயர்த்தவில்லை. ஜாகிரைச் சாட்சிக்குக் கூப்பிடுவது போலத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "ஆயுத பூஜைக்குப் பொட்டு வச்சிருக்கு, நடுவீட்ல இருக்கு, எதிர்ல சாமி படம். அது மேல செருப்புக் காலோட ஏறச் சொல்றாரே, இவரு எந்த ஊர்க்காரரு?"

சமயபுரத்து நடை

திருப்பனந்தாளில் ஒரு ரைஸ்மில்காரர். ரத்தக் குழாயில் அடைப்பு ஆரம்பித்திருக்கிறது, மாத்திரை மட்டும் போதாது, நடையும் வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். என் கடைக்கு வந்து ஒரு மத்தியானம் முழுக்கப் பேசினார். மெஷின் மேல் சும்மா நின்றால் அதுவே உடம்பைக் குலுக்கிக் கொழுப்பை இறக்கிவிடுமா என்று கேட்டார். இல்லைங்க, நீங்கதான் நடக்கணும் என்றேன். "நடக்கிறது நான்னா மோட்டாருக்கு எதுக்குக் காசு?" என்றார். நியாயமான கேள்விதான் என்று என் பின்னால் ஜாகிர் முணுமுணுத்தார். அவருக்குச் சம்பளம் நான்தான் கொடுக்கிறேன்.

மூட்டு வலி, நடந்தால் மூச்சு வாங்குகிறது என்று காரணம் அடுக்கியவர், பேச்சோடு பேச்சாக வருஷா வருஷம் மஞ்சள் வேட்டி கட்டிக்கொண்டு சமயபுரத்துக்கு நடந்தே போவதைப் பெருமையாகச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவ்வளவு தூரம் தார் ரோட்டில் வெறுங்காலோடு போகிறவருக்கு, வீட்டு ஹாலில் ஃபேனுக்குக் கீழே கொஞ்ச நேரம் நடக்க வலிக்கிறதா என்று கேட்டேன். அவர் சிரித்தார். "சாமிக்கு நடந்தா புண்ணியம் வரும். டாக்டருக்கு நடந்தா என்னங்க வரும், அடுத்த மாசம் வாங்கன்னு சீட்டுதானே வரும்?"

தேய்ந்த பெல்ட்

மெஷினே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் நினைத்துவிடக் கூடாது. ராஜகிரியில் நசீமா என்று ஒரு அம்மா. கணவர் சவூதியில். இந்த அம்மாவுக்குத் திடீர் திடீரென்று நெஞ்சு படபடக்கும், கை வியர்க்கும், தூக்கம் கிடையாது. இதயத்தில்தான் கோளாறு என்று பயந்து எல்லா டெஸ்ட்டும் எடுத்தாகிவிட்டது. இதயம் நன்றாக இருக்கிறது, மனசுதான் ஓய்வில்லாமல் ஓடுகிறது, தினமும் வியர்க்க நடந்து பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அவர் என்னிடம் மெஷின் வாங்கின கதையை நான் விவரமாகச் சொல்லப் போவதில்லை. ஸ்டெபிலைசர், கீழே விரிக்கிற மேட், வேன் வாடகை எல்லாம் என் தலையில் கட்டிவிட்டு, கடைசியில் டீயும் வாங்கிக் கொடுக்க வைத்தார்.

பிறகு சர்வீஸுக்குப் போனோம். பெல்ட் தேய்ந்துபோயிருந்தது. நான் விற்ற மெஷினில் பெல்ட் தேய்ந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. நானும் ஜாகிரும் அதைக் கோயில் தேரைப் பார்ப்பது போல நின்று பார்த்தோம். படபடப்பு குறைந்திருக்கிறது, படுத்தால் தூக்கம் வருகிறது என்றார். சந்தோஷத்தில் என் வாய் சும்மா இருக்கவில்லை. வாசலைத் தாண்டினால் வாய்க்கால் கரை, இரண்டு பக்கமும் மரம், காசில்லாமல் அதில் நடந்திருக்கலாமேம்மா என்று கேட்டுவிட்டேன். வியாபாரி கேட்கிற கேள்வியா இது என்று ஜாகிர் முறைத்தார். அந்த அம்மா சொன்னார்: "ரோட்டுல எறங்குனா பத்தடிக்கு ஒருத்தர் எங்க போறன்னு கேப்பாங்கண்ணே. மெஷின்ல யாரு கேக்குறது, நான்தான் எங்கயும் போகலையே."

எதைப் பார்த்துவிட்டு வருவது

இப்போது உங்கள் வீட்டுக்கு வருகிறேன் தம்பி. படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இவருடைய அப்பா கலியபெருமாள். குத்தாலத்துக்குப் பக்கத்துக் கிராமம், சொந்த நிலம். விடிந்தால் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீர் பார்க்கப் போவார். வரப்பெல்லாம் சுற்றி, நண்டு வளை அடைத்து, மடையைத் திறக்கிற இடத்தில் திறந்து, மூடுகிற இடத்தில் மூடி, வழியில் நாலு பேரைத் திட்டிவிட்டு வீடு திரும்புவார். அவருக்கு மாரடைப்பு வந்து தஞ்சாவூரில் ஸ்டென்ட் வைத்தார்கள். மகன் ஓடி வந்து கூடவே இருந்தார். அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். திரும்பிப் போகும் முன்பு நிலத்தை முருகையன் என்பவருக்குக் குத்தகைக்கு விட்டார். அப்பா இனிமேல் ராஜா மாதிரி உட்கார்ந்து சாப்பிடட்டும் என்று ஊரறியச் சொன்னார். டாக்டர் நடக்கச் சொன்னது ஞாபகம் வந்து எனக்கு ஃபோன் போட்டார். இருப்பதிலேயே உசத்தியான மெஷின். பேரமே பேசவில்லை. பேரம் பேசாத ஆளைக் கண்டால் எனக்குச் சந்தேகம்.

பெரியவரை ஜாகிர் கையைப் பிடித்து மெஷினில் ஏற்றினார். எதிர்ச் சுவரில் இருந்த நகைக்கடைக் காலண்டரைப் பார்த்தபடி, கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நடந்தார். மகனுக்காக நடந்தார், எங்களுக்காக நடந்தார். நிறுத்தச் சொல்லி இறங்கி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்: "காலைல ஒருத்தன் நடந்தான்னா எதையாவது பாத்துட்டு வரணும் தம்பி. இதுல எதைப் பாத்துட்டு வர்றது?"

ரிப்பேர்

சில மாதம் போனது. அவர் மனைவி ராஜலெட்சுமி அம்மாள் ஃபோன் பண்ணினார். மெஷின் ஓடவில்லையாம். கரண்ட் போய்ப் போய் வருகிற ஊர், சர்க்யூட் போர்டு போயிருக்கும் என்று நானும் ஜாகிரும் சாமான் எல்லாம் எடுத்துக்கொண்டு வேனில் போனோம். சுவிட்சைப் போட்டோம். ஓடியது. பெல்ட் மேல் விரலால் கோலம் போடலாம், அவ்வளவு தூசி. எனக்குக் கோபம் வந்துவிட்டது. டீசல் விற்கிற விலையில் விளையாட்டா என்று சத்தம் போட்டேன்.

அந்த அம்மாள் உள்ளறைக் கதவைத் திறந்துவிட்டார். பெரியவர் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தார். நாங்கள் வந்தது தெரியும், திரும்பவில்லை. காலையில் எழுந்திருப்பதில்லை, நாலு வாய் சோற்றுக்கு மேல் இறங்குவதில்லை, யாரையும் திட்டுவதுகூட இல்லை என்றார் அம்மாள். கடைசியாகச் சொன்னதுதான் அவருக்கு அதிகம் வலித்தது என்று தோன்றியது. நெஞ்சு வலியா, டாக்டரிடம் காட்டினீர்களா, எனக்கு ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று அடுக்கினேன். முந்தானையால் மெஷின் தூசியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "மெஷின் ரிப்பேர்னு சொன்னேன், வந்தீங்க. மனுஷன் ரிப்பேர்னு சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா?"

டாக்டர் சீட்டில் இல்லாதது

அன்றைக்கே நானும் ஜாகிரும் பெரியவரைத் தாங்கிப் பிடித்து வேனில் உட்கார வைத்துத் தஞ்சாவூர் கூட்டிப்போனோம். டாக்டர் நிதானமாகப் பார்த்தார். ஸ்டென்ட் நன்றாக இருக்கிறது, பிரஷர்தான் ஏறியிருக்கிறது, எடை இறங்கியிருக்கிறது என்றார். இதயமும் ஒரு தசைதான், வேலை கொடுத்தால் தேறும், உட்கார வைத்தால் தொய்யும் என்றார். மாரடைப்புக்குப் பிறகு நிறையப் பேர் மனசளவில் இப்படி விழுந்துவிடுவது உண்டு, நடை அதற்கும் மருந்து, அதிலும் சரியாகவில்லை என்றால் தனியாக வைத்தியம் இருக்கிறது, தயங்காமல் வாங்க என்றார்.

நடப்பதற்கு என்ன ஏற்பாடு என்று கேட்டபோது நான் முந்திக்கொண்டேன். மோட்டார் என்ன பவர், நாடித்துடிப்பு எப்படித் திரையில் தெரியும் என்று கடையில் பேசுவது போலப் பேசினேன். டாக்டர் கேட்டுவிட்டு, முன்பெல்லாம் காலையில் என்ன செய்வீர்கள் என்று பெரியவரைக் கேட்டார். பெரியவர் சொன்னார். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "நான் நடக்கச் சொன்னேன், மெஷின் வாங்கச் சொன்னேனா? வயலுக்கே போகட்டும். மெதுவா போகணும், வெயிலுக்கு முன்னால வந்துடணும், மண்வெட்டி தூக்கக் கூடாது, நெஞ்சை அடைச்சா அங்கயே உட்காரணும், கூட ஒரு ஆள் இருக்கணும். அவ்வளவுதான்."

வரப்பில்

திரும்பி வரும்போது வாய்க்கால் மதகுப் பக்கம் வண்டியை நிறுத்தச் சொன்னார். மேட்டூர்த் தண்ணீர் வந்து சேர்ந்திருந்தது. அவர் முன்னால், நான் பின்னால், ஜாகிர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எனக்குப் பின்னால். வரப்பில் அவர் கால் தடுமாறவில்லை. நான்தான் சேற்றில் விழுந்தேன். ஓரிடத்தில் நின்று, நண்டு வளை வழியாகத் தண்ணீர் அடுத்த வயலுக்குப் போவதைப் பார்த்தார். குதிகாலால் சேற்றைத் தள்ளி மிதித்து அடைத்தார். நிமிர்ந்தபோது முகத்தில் களை திரும்பியிருந்தது. "எவன்டா நாத்தங்காலுக்கு இப்படித் தண்ணி வச்சது" என்று திட்டத் தொடங்கினார். அந்தத் திட்டைக் கேட்க அவர் வீட்டு அம்மாள் அங்கே இல்லையே என்று இருந்தது.

முருகையன் ஓடி வந்தார். தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பெரியவர் முகத்தைப் பார்க்காமல், வாய்க்காலைப் பார்த்துச் சொன்னார். "அய்யா, நீங்க வந்தா எனக்குச் சந்தோஷந்தான். ஆனா உங்களை வரப்புல கண்டா குத்தகையை மாத்திப்புடுவேன்னு சின்னவரு ஃபோன்ல சொல்லியிருக்காரு. என் வயித்துல அடிச்சுடாதீங்க." பெரியவர் கால் சேற்றை வாய்க்காலில் கழுவினார். வேனுக்குத் திரும்பி நடந்தார். ஏறும்போது கையைப் பிடிக்க வேண்டியிருந்தது.

குவைத் கால்

கடைக்கு வந்து சட்டைச் சேற்றைக்கூடக் கழுவாமல் உங்களுக்கு ஃபோன் போட்டேன், தம்பி. டாக்டர் சொன்னதைச் சொன்னேன். வரப்பில் அவர் முகம் எப்படி இருந்தது என்று சொன்னேன். வேனில் ஏறும்போது எப்படி ஆனது என்றும் சொன்னேன். அப்பாவுக்கு இன்னொரு தடவை நெஞ்சு வலி வந்தால் ஓடி வர விமான டிக்கெட் கிடைக்க வேண்டாமா என்று கேட்டீர்கள். அந்தப் பயம் நியாயம்தான். அதற்குத்தான் டாக்டர் வழி சொல்லியிருக்கிறார் என்றேன். அப்புறம்தான் உண்மையான காரணம் வெளியே வந்தது. "புள்ள குவைத்ல சம்பாதிக்கிறான், அப்பன் இன்னும் சேத்துல நிக்கிறான்னு ஊர்ல பேச மாட்டாங்களா? வேணும்னா இதைவிடப் பெரிய மெஷினா ஒண்ணு எறக்கிக் குடுங்க, காசு நான் அனுப்புறேன்" என்று சொல்லிக் கட் பண்ணிவிட்டீர்கள்.

வியாபாரத்தில் இறங்கின நாளிலிருந்து வந்த ஆர்டரை நான் திருப்பினதில்லை. இதைத் திருப்புகிறேன். ஊர் இப்போதும் பேசிக்கொண்டுதான் இருக்கிறது. கலியபெருமாள் செத்துப் போவதற்கு முன்னாலேயே படுத்துவிட்டார் என்று டீக்கடையில் என் காதுபடச் சொன்னார்கள். அது உங்களுக்குப் பெருமையா? முருகையனுக்கு ஒரு ஃபோன் போட்டு, அப்பா வந்தால் கூட நின்று பார்த்துக்கொள் என்று சொல்லுங்கள். அப்பாவுக்கு ஒரு ஃபோன் போட்டு, தண்ணீர் வந்துவிட்டதாமே, போய்ப் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்லுங்கள் என்று கேளுங்கள். நான் சொன்னால் அவர் எழுந்திருக்க மாட்டார். டாக்டர் சொன்னாலும் எழுந்திருக்க மாட்டார். உட்கார வைத்தது நீங்கள், எழுப்புவதும் நீங்களாகத்தான் இருக்க முடியும்.

பெற்ற அப்பாவைத் தயவுசெய்து வீட்டை விட்டு வெளியே அனுப்புங்கள் என்று ஒரு மகனோடு சண்டை போட வேண்டிய தொழில் தம்பி என்னுடையது, விடிந்ததும் அவரை மடைக்கு அனுப்பி வையுங்கள்.