மேப்பிள் பாணியும் பனம்பாணியும்

போர்கோ வெக்கியோ சந்தையில் மீன்காரன்கூடக் குகனேஸ்வரிக்கு எடை குறைக்க மாட்டான். ஒருமுறை குறைத்துப் பார்த்து, தெருவே கூடி நின்று சிரிக்கும்படி வாங்கிக் கட்டிக்கொண்டவன் அவன். இருபது வருஷமாக இத்தாலியர் வீடுகளில் வேலை செய்கிறாள்; எந்த எசமானிச் சிஞ்ஞோராவும் அவளிடம் குரல் உயர்த்தித் தப்பியதில்லை. அப்படிப்பட்ட வாய், சிவபாலன் வந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் பூட்டிக் கிடந்தது. மகள் துசானி விரும்பிய டொரொன்டோப் பையனுக்கு அவர் தாய்மாமன். அவர் தலையாட்டினால்தான் கலியாணம்.

வந்தவர் மேப்பிள் மரப் பாகான பாணிப் போத்தல் ஒன்றை மேசையில் வைத்தார். அதன்பிறகு வாயை மூடவேயில்லை.

"மேப்பிள் மரத்திலை துளை போட்டு வாளி கட்டுவினம், தங்கச்சி. இரவிலை உறைஞ்சு பகலிலை இளகுற நாளிலைதான் சாறு ஓடும். நாற்பது வாளி காய்ச்சினால் ஒரு வாளி பாணி. ஆதிக்குடிகள் கண்டுபிடிச்சது, வெள்ளைக்காரர் அவையளிட்டைத்தான் பழகினவை. இப்ப நாங்கள் குடும்பம் குடும்பமாப் போய், சுடச்சுடப் பனியிலை ஊத்தி, இறுகினதும் சுருட்டித் தின்னுறம். நாட்டுக் கொடியிலையே அந்த இலைதானே! எங்கட மரபு."

எங்கட மரபாம்! நேற்றுப் போய் இறங்கிய மனுஷன். குகனேஸ்வரி பல்லைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி நீட்டினாள். அவர் தொடவில்லை.

"அது கிடக்கட்டும். உங்கட ஐயா ஊரிலை என்ன செய்தவர்?"

தெரிந்துகொண்டே கேட்கிறார் என்று முகமே சொன்னது. கதவோரம் நின்ற துசானி தலை குனிந்தாள்.

"பனை ஏறினவர். மண்முட்டி கட்டிக் கருப்பணிச் சாறு இறக்கினவர். அம்மா அதைக் காய்ச்சிப் பாணி எடுத்தவ. உங்கட வாளிக்கும் எங்கட முட்டிக்கும் என்ன வித்தியாசம், அண்ணை?" என்றாள் குகனேஸ்வரி.

"அது உங்களுக்கே தெரியும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "வயல் வைச்சுக் கமம் செய்தவர் எண்டு சொல்லுவம். கலியாணம் நடக்கும். உங்கட ஆக்களை மட்டும் கூப்பிடாதேங்கோ."

பக்கத்து ஊரான பகேரியாவில் குகனேஸ்வரிக்கு இரண்டு தம்பிமார். துசானியைத் தோளில் தூக்கி வளர்த்தவர்கள். சீ, இவனெல்லாம் ஒரு மனுஷன்! அவள் எழும்புவதற்குள் மகள் ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"அம்மா, பெர் ஃபவோரே... தயவுசெய்து ஓம் எண்டு சொல்லுங்கோ."

சிவபாலன் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திராது. குகனேஸ்வரி கையை விடுவித்துக்கொண்டாள்.

"சரி அண்ணை, நடக்கட்டும். நான் குறுக்கை நிக்கேல்லை."

அவர் சிரித்தார்.

"ஆனால் கூப்பிடக் கூடாத ஆக்களிலை முதல் ஆள் நான். பனை ஏறினவரின்ட மகள்." குகனேஸ்வரி துசானியின் பக்கம் திரும்பினாள். "அங்கை கேட்டால், தாய் செத்துப்போனா எண்டு சொல்லு."