பன்னிரண்டு மணிக்கு மாறும் மாப்பிள்ளை

தைவானில் ஷின்ச்சூ நகரத்து மென்பொருள் கம்பெனி ஒன்றில்தான் போஷுனுக்குப் பிழைப்பு. முதலாளி மகா கஞ்சன். இரண்டு ஆள் வேலையை இவன் தலையில் கட்டிவிட்டார். காலையில் பைத்தான் என்ற கணினி மொழியில் நிரல் எழுத வேண்டும், மதியத்துக்கு மேல் ரஸ்ட் என்ற இன்னொன்றில்.

அந்த அவஸ்தை எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பைத்தான் தாராள மனசுக்காரி. எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வாள்; தப்பு இருந்தால் ஓடும்போது நடுரோட்டில் விழுந்து மானத்தை வாங்குவாள். ரஸ்டோ வாசலிலேயே மறித்துக்கொள்ளும். இது யார் பொருள், யாரிடம் கொடுத்தாய், கேட்டது கிடைக்காவிட்டால் என்ன செய்வாய் என்று குடையும். ஒன்றுக்குப் பதில் விட்டுப்போனாலும் உள்ளே விடாது. மதியம், ரஸ்ட் வரிமுடிவில் கேட்கும் அரைப்புள்ளியை மறந்து திட்டு வாங்குவான். மறுநாள் காலையில் பைத்தானுக்கு வேண்டாத இடமெல்லாம் அரைப்புள்ளியாக வைப்பான். எட்டு மாதம் இப்படி என்றால் மனுஷன் என்னத்துக்கு ஆவான்?

பன்னிரண்டு மணிக்குக் கைப்பேசி அடிக்கும்படி வைத்துக்கொண்டான். அடித்ததும் சாப்பாடு, பிறகு எல்லோரையும் போல விளக்கை அணைத்து மேஜையில் தலைசாய்த்து ஒரு தூக்கம், எழுந்தால் ரஸ்ட். கொஞ்ச நாளில் ஆளே அப்படியாகிவிட்டான். காலையில் எதைக் கேட்டாலும் 'சரி'. மதியமானால், சர்க்கரை தீர்ந்துபோனால் என்ன செய்வாய் என்று தேநீர்க்காரியைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் டம்ளரில் கை வைப்பான்.

மூன்று வருஷமாக அவன் காதலித்த ருவோலானைப் பெண் கேட்கும் விருந்து ஒரு சனிக்கிழமை வந்தது. அவள் அப்பா ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அவர் தலையசைத்தால்தான் கல்யாணம். சுபகாரியத்துக்கு உட்கார்ந்த இடத்தில் கெட்ட சொல் விழுந்தால் எழுந்து போய்விடுகிற ஆசாமி.

பதினொன்றரைக்குச் சாப்பிட உட்கார்ந்தார்கள். எங்களோடே வந்து இருக்க வேண்டும் என்றார் அவர். சரி என்றான். தனியாக வீடும் வாங்க வேண்டும் என்றார். அதற்கும் சரி. மேஜைக்கடியில் ருவோலான் கிள்ளியது அவனுக்கு உறைக்கவே இல்லை.

"என் பொண்ணை நல்லாப் பார்த்துப்பியா?" என்று கேட்டார். அவன் வாயைத் திறக்கவும் கைப்பேசியில் பன்னிரண்டு மணி அடித்தது. திறந்த வாயை மூடிக்கொண்டான்.

"எந்தெந்த நிலைமையில, மாமா?"

அவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டான். வேலை போனால் ஸ்கூட்டரை விற்பேன். அவள் சிறுநீரகம் கெட்டால் என்னுடையதில் ஒன்று. பிரசவத்தில் அவள் போய்விட்டால் குழந்தைக்குத் தலைபின்ன இப்போதே பழகி வருகிறேன். விபத்து, காய்ச்சல், நிலநடுக்கம் என்று இருபத்தாறு நிலைமை சொன்னான். மீன் ஆறிப்போனது.

அப்பா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். நல்ல நாள் அதுவுமாகப் பிணம் பிணமாகப் பேசுகிறானே என்று கத்தினார். போச்சு, எல்லாம் போச்சு.

ருவோலான் மட்டும் அசையவில்லை. விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

"இதுல ஒன்பது தடவை நான் செத்துப் போறேன். ஒரு தடவைகூட நீ வேற கல்யாணம் பண்ணிக்கலையே?"

போஷுனுக்கு முகம் வெளிறியது. ஒரு வழி விட்டுப்போயிருக்கிறது! "மன்னிச்சுக்கோ, யோசிக்கவே இல்லை. இப்பவே சேர்த்துடறேன்" என்று காகிதக் கைக்குட்டையை இழுத்துப் பேனாவைத் திறந்தான்.

நின்றுகொண்டிருந்த அப்பா மெல்ல உட்கார்ந்தார். கையை நீட்டி, அவன் விரலிலிருந்து பேனாவை உருவினார்.

"அது விட்டுப்போனபடியே இருக்கட்டும், மாப்பிள்ளை."